காசத்தின் தடத்தில் – 17: சளி மறைத்ததும் சிறுநீர் சொன்னதும்

உடலுக்குள் வருடக்கணக்கில் உறங்கும் காசநோய்க் கிருமி, எச்.ஐ.வி. வந்து சேர்ந்ததும் எப்படி விழித்துக்கொள்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் தடுப்பு மாத்திரை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. தடுப்பு மாத்திரை, நோய் இன்னும் கிளம்பாதவருக்கு மட்டும்தான். நோய் முற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒற்றை மருந்தைக் கொடுத்தால், கிருமி அதற்குப் பழகிப்போகும். அப்படியானால் ஒருவருக்கு நோய் இல்லை என்று எதை வைத்துச் சொல்வது?

சளியை வைத்துத்தான். 1882இல் ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த காலத்திலிருந்து அதைத்தான் நம்பி வருகிறோம். எச்.ஐ.வி. முற்றியவர்களிடம் அந்த நம்பிக்கை பலிப்பதில்லை. ஏன் என்று தேடிப் படித்தபோது கிடைத்த ஒரு செய்தி, வாரம் முழுக்க என்னை விடவில்லை.

காசநோயாளியின் நுரையீரலில் குழி விழும். அது கிருமி அரித்த குழி என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பங்கு நம் உடலின் வேலை! கிருமியைச் சூழ்ந்துகொண்டு எதிர்ப்பு அணுக்கள் நடத்தும் போரில் திசுவே கரைந்து குழியாகிறது. குழி மூச்சுக்குழாயோடு சேர்ந்ததும் கிருமிகள் கூட்டம் கூட்டமாகச் சளியில் ஏறி வெளியே வருகின்றன. சளியில் கிருமி தெரிய வேண்டுமானால், பெரும்பாலும் உடல் போராடியிருக்க வேண்டும். எதிர்ப்பு அணுக்களில் முக்கியமான சி.டி.4 அணுக்கள் சரிந்துபோனவரிடம் போரிட ஆளில்லை. குழி விழுவது குறைவு. சளிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரேகூடச் சில சமயம் தெளிவாக இருக்கும். கிருமியோ ரத்தத்தில் ஏறி ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், மூளை உறை என்று பரவியிருக்கும். 'சளியில் ஒன்றுமில்லை' என்ற ஒரு வரியை நம்பி இவர்களை வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காத்திருக்கவும் நேரமில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் துகேலா ஃபெரி என்றொரு சிற்றூர். 2005-06இல் அங்கே 53 பேருக்கு, முக்கிய மருந்துகள் எதற்கும் மசியாத காசநோய் இருந்தது தெரியவந்தது. 52 பேர் இறந்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் தொற்று இருந்தது. இறந்தவர்களில் பாதிப் பேர், சளி கொடுத்த சுமார் 16 நாட்களுக்குள் போய்விட்டார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வரப் பல வாரங்கள் ஆகும்.

இங்கேதான் சிறுநீர் வருகிறது. காசக் கிருமியின் மேலுறையில் 'லாம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. கிருமி உடலெங்கும் பரவியவரின் சிறுநீரில் அது இறங்கும். ஒரு பட்டையில் ஓரிரு சொட்டு விட்டு 25 நிமிடம் காத்திருந்தால் கோடு விழும். இயந்திரம், மின்சாரம் எதுவும் வேண்டாம். இருமிச் சளி துப்பத் தெம்பில்லாதவரும் சிறுநீர் கொடுத்துவிடலாம். எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று: எதிர்ப்பாற்றல் குறையக் குறைய இந்தச் சோதனை கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது. சளி கைவிடும் இடத்தில்தான் இது நன்றாக வேலை செய்கிறது!

தென்னாப்பிரிக்கா, தான்சானியா, சாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளின் 10 மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. வழக்கமான பரிசோதனைகள் மட்டும் செய்யப்பட்டவர்களில் 8 வாரங்களுக்குள் 25% பேர் இறந்தார்கள். கூடவே இந்தப் பட்டையும் பயன்பட்டவர்களில் 21%. நூற்றுக்கு நான்கு உயிர். சிறிய எண் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஒன்றை மறக்கக் கூடாது: கோடு விழாவிட்டால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. அதனால்தான் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போதெல்லாம் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை என்று நான்கையும் கேட்கிறார்கள். வேலை போய்விடுமோ, வீட்டில் தெரிந்துவிடுமோ என்று அங்கே மறைக்காதீர்கள்.

தடுப்பு மாத்திரைக்கு இடமில்லாமல் போயிற்று. அதில் முக்கியமானது ஐசோனியாசிட். 1912இலேயே பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் அதைத் தயாரித்துவிட்டார்கள். அது காசநோயை அடக்கும் என்பது உலகுக்குத் தெரிய சுமார் 40 ஆண்டுகள் ஆயின. அந்த 40 ஆண்டுகளின் கதையோடுதான் மாத்திரையைப் பற்றி எழுத வேண்டும். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குகிறேன்.