அரைக்கூறு யாருக்கு?

கல்வியை நான்கு கூறாக்கிப் பங்கிட்டுக் காட்டியவர் பவணந்தி முனிவர். ஆசிரியர் உரைப்பதை எத்துணை நன்றாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்கூறே. உடன்பயில்வோரோடு பழகுதலால் இன்னொரு காற்கூறு வரும். பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது நன்னூற் பொதுப்பாயிரத்தின் கருத்து. இன்று பள்ளிகளில் வழங்கும் ‘குழுச் செயற்பாட்டுக்கு’ இதனினுஞ் சிறந்த இலக்கணம் வேண்டுமோ?

நம் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியொன்றை நடத்திய அன்றூ பெல் என்பார், மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். பின்னர் அது இங்கிலாந்திற் பெரிதும் பரவிற்று.

2009இல், செட்டிகுளத்து முகாமில், ஒரே புத்தகத்தைச் சுற்றி ஐவர் அமர்ந்து படிக்கக் கண்டவன் யான். அங்கே கூடிக் கற்றல் கொள்கையன்று, வேறு வழியின்மை. மீள்குடியேறிய பின், கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளியொன்றில் அதனையே முறையாகச் செய்ய எண்ணி, தொகைநிலைத் தொடரை ஐவரைவராகப் பகுத்துக் கொடுத்தேன். ஒரு குழுவிற் கெட்டிக்கார மாணவியொருத்தியே எல்லாம் எழுதினாள், எல்லாம் பேசினாள். ஐவர்க்கும் ஒரே புள்ளி இட்டேன். தவணைப் பரீட்சையில் அக்குழுவினன் ஒருவன் அவ்வினாவைத் தொடவேயில்லை. ஏனென்றேன். “சேர், எல்லாம் அவ சொல்லிப்போட்டா, எனக்குச் சொல்ல ஒண்டும் மிஞ்சேல்லை” என்றான்.

அவன் சொல்லிலே என் பிழை விளங்கிற்று. அரைக்கூறு முழுவதும் ஒருத்திக்கே போயிற்று; அவனுக்கோ காற்கூறும் இல்லை.

அதன்பின் ஒரு விதி வகுத்தேன்: குழுவிற் பின்தங்கியவனே குழுவுக்காகப் பேசவேண்டும், அவன் பேசுமளவும் ஏனையோர் அவனுக்கு உரைக்கவேண்டும். இரைச்சல் மிகுந்தது, ஒரு பாடத்துக்கு மூன்று பாடவேளை சென்றது, “எங்கட புள்ளியை இவனிட்டையோ விடுறது?” என்று கெட்டிக்காரர் முறையிட்டனர். அவையெல்லாம் மெய்யான இடர்களே. ஆயினும், அந்த மாணவன் நடுங்கியபடி எழுந்து, “விளைநிலம்: முந்தி விளைஞ்ச நிலம், இப்ப விளையிற நிலம், இனி விளையப்போற நிலம், மூண்டு காலமும் அதுக்குள்ள மறைஞ்சிருக்கு” என்றபோது, வகுப்பு முழுவதும் வினைத்தொகையை அறிந்துகொண்டது.

ஆசிரியப் பெருமக்களே, குழுக்களைப் பிரித்தல் எளிது. அரைக்கூறு யாருக்குச் செல்கின்றது என்று பார்த்தலே நம் கடமையாம்.