தாலி கட்டிய படம் எங்கே?

லாபு தோட்டத்துக் கோயிலில் அத்தை மகள் கல்யாணம். "என் கேமராவும் 24 மெகாபிக்சல்தான், படக்காரருக்கு ஏன் ஆயிரக்கணக்கில் வெள்ளி?" என்று மாமாவே படமெடுத்தார். மறுநாள் மெமரி கார்டு திறக்கவே இல்லை. வானொலியில் ஒலிப்பதிவு அழிந்தால் நான் மறுபடி பேசிவிடுவேன். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

தொழில்முறை கேமராக்கள் பலவற்றில் இரண்டு கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஆனால் விலையை ஏற்றுவதில் முக்கியமானது சென்சார். 'ஃபுல் ஃபிரேம்' சென்சாரின் அளவு 36க்கு 24 மில்லிமீட்டர். சாதாரணக் கேமராக்களில் பரப்பு அதில் பாதிகூட இருக்காது. பெரிய சென்சார் என்றால் ஒரு சிலிக்கான் வட்டில் குறைவாகவே தேறும். பழுதானால் வீணாகும் துண்டும் பெரிது. ஆனால், மங்கலான கோயில் வெளிச்சத்திலும் ஃபிளாஷ் இல்லாமல் முகம் தெளிவாக விழும்.

அடுத்து ஷட்டர். நிக்கோன் டி3500 கேமராவில் அது 100,000 தடவை இயங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். தொழில்முறை டி5 கேமராவில் 400,000. ஒரு கல்யாணத்துக்கு 2,000 கிளிக் என்றால், முதலாவது 50 கல்யாணத்தோடு சரி.

பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கைப்பேசியே போதும் என்பேன். மாமாவோ இப்போது கடைக்குப் போனால் முதலில் கேட்பது, "ரெண்டு கார்டு போடலாமா?"