நாற்பதைக் கடந்த தாய்மார்களே!

காலம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ‘அல் அஸ்ர்’ என்னும் அத்தியாயத்தைக் காலத்தின் மீது ஆணையிட்டே தொடங்குகின்றான் வல்ல நாயன். ஆயினும் தலையில் நரை கண்ட பின்னரே நம்மிற் பலர் அதன் ஓட்டத்தை எண்ணிப் பார்க்கின்றோம்.

1990இல் புனித ரமலான் மார்ச் மாத இறுதியில் பிறந்தது. அவ்வாண்டில் 12 வயதில் பருவமெய்தி முதற் கடமை நோன்பை நோற்றவர், 2023இல் ரமலான் மீண்டும் மார்ச் இறுதிக்கு வந்தபோது 45 வயதுத் தாயாகிவிட்டார். சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவாதலின், எல்லாப் பருவங்களையும் வலம் வந்து 33 ஆண்டுகளில் ரமலான் பழைய இடத்தை அடைகின்றது. மாதம் திரும்புகின்றது, வயது திரும்புவதில்லை.

மாதவிலக்கு நிற்கும் வயதில், ‘என் காலம் முடிந்தது’ எனச் சோர்வுறும் தாய்மார் உளர். உண்மையில் இடையிடையே நிறுத்த நேர்ந்த தொழுகையும் நோன்பும் இனித் தடையின்றித் தொடரும் காலமன்றோ அது!

பழைய கணக்கொன்றும் உண்டு. மாதவிலக்கிலும் பேறுகாலத்திலும் விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டியதில்லை. நோன்புகளைக் களாச் செய்தே ஆகவேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் தமக்கு விடுபட்டவற்றை ஷஃபான் மாதத்தில் நோற்று வந்தார்கள். ரமலானுக்கு 6 நாளெனக் கொள்ளினும் 34 ரமலான்களில் 204 நோன்புகள் சேரும். அவற்றைச் சிறிதும் நோற்காதவர் மலைக்க வேண்டாம். திங்களும் வியாழனும் நோற்று வரின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் கடன் தீரும். நோற்க இயலாத முதுமை எய்தியவர்க்குப் பித்யா உண்டு. உடலில் வலுவுள்ளவர் அதனைக் கொடுத்துக் கடமையினின்று நீங்க இயலாது. எனவே வலுவுள்ளபோதே தொடங்குக.

திருமறையின் 46ஆம் அத்தியாயம் 15ஆம் வசனம், தாய் சுமந்து பெற்றதையும் பால் மறக்கச் செய்ததையும் கூறிய பின், 40 வயதை அடைந்தோர் கேட்கும் துஆவை எடுத்துரைக்கின்றது. தமக்கும் பெற்றோருக்கும் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்தவும், நற்செயல் புரியவும், மக்கள் சீர்பெறவும் அதில் வேண்டப்படுகின்றது. முதிய பெற்றோருக்கும் வளர்ந்த மக்களுக்கும் நடுவே நிற்கும் தாய்க்கு இதனினும் பொருத்தமான துஆ வேறு யாது?

எஞ்சிய நாள்களைப் பயனுள்ளவையாக ஆக்கிட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.