இரும்புக்கு மரம் அடங்கணும்

தலைப்பைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்கல்காரனுக்கு மரவேலையில் என்ன வேலை?" என்று சிரிக்காதீர்கள். நான் சொல்லப்போவது ஒரு பழைய பிஸ்டலுக்கு மரக் கைப்பிடி பொருத்துவதைப் பற்றி. பிஸ்டலை நான் கையால் தொட்டதில்லை, என்.சி.சி.யில் .22 ரைபிள் பிடித்ததோடு சரி. ஆனால் நம் ஃபிட்டிங் ஷாப்பில் நாம் படுகிற பாடெல்லாம் அந்தக் கைப்பிடியில் இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம்!

ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, 1911-ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்டது எம்1911 என்ற .45 பிஸ்டல். சுட்டவுடன் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். கைப்பிடியின் இரு பக்கமும் ஆளுக்கொரு மரப் பலகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்க்ரூ. ஆரம்பத்தில் வால்நட் மரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. பழைய பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இன்றும் அங்கே விருப்பப்பட்ட மரத்தில் புதிதாகச் செய்து போடுகிறார்கள். நம்ம ஊர் ஈட்டி மரத்துக்கும் அதில் நல்ல மரியாதை உண்டு. (இழைக்கும்போது அதன் தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது. துணி கட்டிக்கொள்ளணும்.)

முதல் வேலை, மேகசினைக் கழற்றி, குழலின் பின்னறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பது. கழற்றிய பழைய பலகைகளைத் தூக்கிப் போடக்கூடாது. பழம்பொருளின் மதிப்பு அதிலும் இருக்கிறது.

மரம் நன்றாகக் காய்ந்திருக்கணும். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும், சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால் ரேகை கைப்பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும். இரும்புச் சட்டத்தில் ஸ்க்ரூ ஏறுவதற்குத் தனித்தனி புஷ் திருகியிருக்கும். பலகையின் துளை அந்த புஷ்ஷின் மேல் சரியாக உட்காரணும். துளைகளுக்கு நடுவே சுமார் 78 மி.மீ. என்றாலும், அளவை நம்பித் துளை போடாமல் அந்தச் சட்டத்திலிருந்தே மார்க் செய்வது நல்லது. துளை தள்ளிப்போனால் முடுக்கும்போது மரம் பிளக்கும். தளர்ந்தால் சுடும்போது ஆடும். ஸ்க்ரூ நீளமானால் உள்ளே மேகசினில் உரசும். ரொம்ப முடுக்கிவிட்டால் அடுத்த முறை கழற்றும்போது புஷ்ஷும் சேர்ந்து வந்துவிடும்.

பலகையின் அடிப்புறம் சட்டத்தில் முழுக்கப் படிய வேண்டும். இதற்கு இரும்பில் லேசாகக் கரிப் பசை தடவி, பலகையை வைத்து அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் சுரண்டி, திரும்ப வைத்து, திரும்பச் சுரண்டி... பொறுமை வேண்டும். எக்காரணம் கொண்டும் இரும்பில் அரம் படக்கூடாது.

இதைப் படித்தபோதுதான் என் அப்பா நினைவு வந்தது. முதலாண்டில் வி-ஃபிட்டிங் ஜாப்பில் எனக்கு மார்க்கே விழவில்லை. இரண்டு துண்டுக்கும் நடுவே வெளிச்சம் தாராளமாய்த் தெரிந்தது! ஊருக்கு எடுத்துப்போனேன். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் தேய்ச்சா எதுக்கு எதுடா அளவு?" என்றார். ஆமாம், நான் இரண்டையும் மாறி மாறித் தேய்த்திருந்தேன். கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் காம்பு போடுகிற ஆசாரி அவர். பள்ளிக்கூடம் போனதில்லை. "இரும்புக்கு மரம் அடங்கணும்" என்பது அவர் பேச்சு. விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கோடாலிக் கண்ணுக்குள் தடவி மேடு பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். இங்கே நாம் புருஷியன் ப்ளூ தடவுவதும் அதே காரியம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாலிடெக்னிக் விண்ணப்பத்தில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் நான் எழுதியது 'கூலி'.

அடுத்த லீவுக்குப் போகும்போது காகிதத்தில் கொஞ்சம் ப்ளூவை மடித்து எடுத்துப்போனேன். அப்பா விரலால் தொட்டுக் காம்பில் தேய்த்துப் பார்த்தார். மேடு நன்றாகவே தெரிந்தது. கை கழுவப் போனவர் வெகுநேரம் கழித்து வந்து, "கரின்னா சீக்கிரம் போயிரும்டா" என்றார்.