ஆஃபர் லெட்டரில் 33% உயர்வு, கைக்கு வருவது 14% மட்டுமா? வேலை மாறும் முன் போட வேண்டிய கணக்கு

மாலை ஆறரை மணி. லேப்டாப்பை மூடப் போகும் நேரத்தில் உங்களுக்கு ஒரு போன் வருகிறது. "கங்கிராட்ஸ்! ஆஃபர் ரிலீஸ் பண்ணிட்டோம். 12 லட்சம். நாளைக்குள்ள அக்செப்ட் பண்ணிடுங்க."

இப்போது நீங்கள் வாங்குவது 9 லட்சம். அப்படியென்றால் 33% உயர்வு. மெட்ரோவில் நின்றபடியே 12 லட்சத்தை 12-ஆல் வகுக்கிறீர்கள். மாதம் ஒரு லட்சம்! வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விடுகிறீர்கள்.

அந்த ஒரு லட்சம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது.

அடுத்தவர்கள் கொடுக்கும் எண்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஆனால் முதல்முறை வேலை மாறியபோது நானும் இதே வகுத்தல் கணக்கைத்தான் போட்டேன். முதல் மாதச் சம்பளம் வந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துவிட்டு, "ஏதோ விட்டுப்போச்சு போல, கொஞ்சம் செக் பண்ணுங்க" என்று எச்ஆருக்கு மெயில் போட்டேன். எதுவும் விட்டுப்போகவில்லை. எல்லாம் ஆஃபர் லெட்டரின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான்தான் அதுவரை படிக்கவில்லை.

வேலை மாறுவது சரியா, தவறா என்பதை இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. அந்த முடிவை எந்த எண்ணை வைத்து எடுப்பது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சிடிசி என்றால் சம்பளம் இல்லையா?

இல்லை. சிடிசி என்பது உங்களை வேலைக்கு வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. உங்கள் பிஎஃப் கணக்கில் நிறுவனம் போடும் பங்கு, என்றோ ஒருநாள் தரவேண்டிய கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு, இலக்கை எட்டினால் மட்டுமே வரும் வேரியபிள் பே எல்லாம் அதற்குள் அடக்கம். சில நிறுவனங்கள் குழு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தையும் அதில் சேர்த்துக் காட்டுவது உண்டு.

மேலே சொன்ன உதாரணத்தையே பிரித்துப் பார்ப்போம். இரண்டு நிறுவனங்களிலும் அடிப்படைச் சம்பளம் சிடிசியில் பாதி, பிஎஃப் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12% பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய வேலை, சிடிசி 9,00,000 ரூபாய்:
- நிறுவனத்தின் பிஎஃப் பங்கு: 54,000
- கிராஜுவிட்டி ஒதுக்கீடு (அடிப்படைச் சம்பளத்தில் 4.81%): 21,645
- உங்கள் பிஎஃப் பங்கு: 54,000
- தொழில் வரி: 2,500
- மாதம் கைக்கு வருவது: சுமார் 64,000

புதிய வேலை, சிடிசி 12,00,000 ரூபாய்:
- வேரியபிள் பே: 1,50,000
- நிறுவனத்தின் பிஎஃப் பங்கு: 72,000
- கிராஜுவிட்டி ஒதுக்கீடு: 28,860
- உங்கள் பிஎஃப் பங்கு: 72,000
- தொழில் வரி: 2,500
- மாதம் கைக்கு வருவது: சுமார் 72,900

ஆக, மாதம் கூடுதலாக வருவது சுமார் 8,900 ரூபாய். அதாவது 14%. (தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தான். டெல்லி, நொய்டா, குருகிராமில் அதுவும் கிடையாது. 2025-26 நிதியாண்டின் புதிய வருமான வரி முறையில், இந்த இரண்டு சம்பளத்துக்குமே வரி இல்லை.)

இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. பிஎஃப்பில் போகும் பணம் உங்களுடையதுதான். ஆனால் வாடகையும் இஎம்ஐயும் சிடிசியிலிருந்து போவதில்லை, கைக்கு வரும் பணத்திலிருந்துதான் போகும். கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருவுக்கோ, சென்னையிலிருந்து மும்பைக்கோ மாறுகிறீர்கள் என்றால், அந்த 8,900 ரூபாய் வாடகை வித்தியாசத்துக்கே போதுமா என்பதுதான் முதல் கேள்வி.

எச்ஆரிடம் இதை இப்படியே கேட்கலாம்: "வேரியபிள் இல்லாம, எல்லா பிடித்தமும் போக, மாசம் எவ்வளவு கிரெடிட் ஆகும்? பிஎஃப் முழு பேசிக்குக்கா, இல்ல 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டுமா?" வரம்புக்கு மட்டும் என்றால் மாதம் 1,800 ரூபாய்தான் பிடிப்பார்கள். கைக்கு வருவது கூடும், சேமிப்பு குறையும்.

வேரியபிள் பே என்பதை எப்படிப் பார்ப்பது?

முடிவெடுக்கும்போது அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வந்தால் சந்தோஷம். பூஜ்யம் என்று வைத்தாலும் அந்த வேலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்பதுதான் சோதனை.

பிறகு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அது உங்கள் இலக்கைப் பொறுத்ததா, நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்ததா? மாதா மாதமா, ஆண்டுக்கு ஒருமுறையா? கொடுக்கும் தேதியில் நீங்கள் வேலையில் இருந்தாக வேண்டுமா? பல நிறுவனங்களில் கடைசிக் கேள்விக்குப் பதில் 'ஆமாம்'. மார்ச் வரை உழைத்துவிட்டு ஏப்ரலில் ராஜினாமா கொடுத்து, ஜூனில் வரவேண்டிய தொகையை விட்டவர்கள் உங்கள் ஆபீஸிலேயே இருப்பார்கள். டீ குடிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

நான்கு ஆண்டு ஏழு மாதம் ஆகிவிட்டது. இப்போது மாறலாமா?

இங்கேதான் அவசரத்துக்கு ஒரு விலை இருக்கிறது.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, நிரந்தர ஊழியருக்குக் கிடைக்க ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அகவிலைப்படி இருந்தால் அதையும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். நம் உதாரணத்தில் மாத அடிப்படைச் சம்பளம் 37,500. ஐந்து ஆண்டுக்கு வருவது 1,08,173 ரூபாய். இதற்கு வரியும் இல்லை. ஐந்து ஆண்டு முடியாமல் கிளம்பினால், பொதுவாக ஒரு ரூபாயும் இல்லை.

உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குப் பேப்பர் போட்டால், கடைசி வேலைநாள் நான்கு ஆண்டு பத்து மாதத்தில் வரும். இரண்டே மாதம் குறைகிறது. அந்த இரண்டு மாதம் தள்ளிப்போவதால் புது வேலையில் நீங்கள் இழப்பது என்ன? சம்பள வித்தியாசம் 17,800, கூடுதல் பிஎஃப் இரு பங்கும் சேர்த்து 6,000, வேரியபிள் முழுசாக வந்தாலும் 25,000. மொத்தம் 48,800 ரூபாய். காத்திருந்தால் வருவதோ 1,08,173. ராஜினாமாவை இரண்டு மாதம் கழித்துக் கொடுப்பதே லாபம்.

புது நிறுவனம், "நோட்டீஸ் பைஅவுட் நாங்க பாத்துக்கறோம், அடுத்த வாரமே ஜாயின் பண்ணுங்க" என்கிறதா? அப்போது கணக்கு மாறும். இப்போதே போனால் ஐந்து மாதம் முன்னதாகச் சேர்கிறீர்கள். சம்பள வித்தியாசமும் பிஎஃப்பும் சேர்ந்து 59,500, வேரியபிள் முழுசாக வந்தால் இன்னும் 62,500. மொத்தம் 1,22,000. கிராஜுவிட்டியைவிட அதிகம்தான். ஆனால் வேரியபிளில் சுமார் 78% கைக்கு வந்தால்தான் இரண்டும் சமமாகும். அதற்குக் கீழே வந்தால் நஷ்டம். ஒரே ஆஃபர்தான், ஆனால் முடிவு வேரியபிள் பற்றிய ஒரு கேள்வியில் தொங்குகிறது.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். மேட்டூர் பியர்ட்செல் வழக்கில், ஐந்தாவது ஆண்டில் 240 நாள் பணி முடித்திருந்தாலே அது முழு ஆண்டாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரத்துக்கு ஆறு நாளுக்கும் குறைவாக இயங்கும் அலுவலகங்களுக்குச் சட்டத்தில் இந்த வரம்பு 190 நாள். ஆனால் எல்லா நிறுவனங்களும் இதை ஏற்பதில்லை. அதனால் ராஜினாமாவுக்கு முன்பே உங்கள் நிறுவனத்தின் நிலைப்பாட்டை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

ஒப்பந்தக் காலம் குறிப்பிட்டு வேலைக்குச் சேர்ந்தவரா நீங்கள்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, ஓர் ஆண்டு பணியாற்றினாலே உங்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு.

சம்பளம் கூடினால் கைக்கு வருவது குறையுமா?

ஓரிடத்தில் குறையும். புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரி இல்லை. அதாவது 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி பூஜ்யம். அதைத் தாண்டியதும் கட்டவேண்டிய வரி, 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினீர்களோ அந்தத் தொகையைத் தாண்டாது. சலுகைதான், ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்.

வரிக்குரிய மொத்தச் சம்பளம் 13.20 லட்சம் என்றால், தாண்டியது 45,000. வரியும் அதே 45,000. அதன்மேல் 4% செஸ் 1,800. ஆக, 12.75 லட்சம் வாங்குபவரைவிட 45,000 அதிகம் சம்பாதித்து, 1,800 ரூபாய் குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். சுமார் 13.45 லட்சம் வரை இதே கதைதான்.

உங்கள் ஆஃபர் இந்த இடைவெளியில் விழுந்தால், இன்னும் கொஞ்சம் ஏற்றித் தரும்படி பேரம் பேசலாம். அல்லது என்பிஎஸ்ஸில் நிறுவனத்தின் பங்களிப்பாக ஒரு பகுதியைத் தரச் சொல்லலாம். அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை அதற்கு வரிவிலக்கு உண்டு.

பழைய பிஎஃப்பை எடுத்துவிடலாமா?

புது ஊருக்கு அட்வான்ஸ், ஒரு பைக், ஒரு கோவா டிரிப். கை அரிக்கும். பெரும்பாலும் அது தவறான முடிவு. ஐந்து ஆண்டு தொடர் பணி முடியும் முன் எடுத்தால் வரி கட்ட வேண்டிவரும். புது நிறுவனக் கணக்குக்கு மாற்றிவிட்டால் பழைய பணியாண்டுகளும் சேர்ந்தே எண்ணப்படும். பிஎஃப் ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுக் கணக்கும் அறுபடாது.

2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25%. இதே வட்டி நீடித்தால், இன்று நீங்கள் தொடாமல் விடும் 4 லட்சம், 25 ஆண்டில் சுமார் 29 லட்சமாகும். யுஏஎன் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா, பழைய நிறுவனம் உங்கள் வெளியேறும் தேதியைப் பதிவு செய்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடு?

பலரும் மறப்பது இதைத்தான். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். புது நிறுவனத்தில் பெற்றோருக்குக் காப்பீடு உண்டா, சேர்ந்த முதல் நாளிலிருந்தா, பிரீமியம் யார் கட்டுவது என்று கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரையோ அம்மாவுக்கு ரத்த அழுத்தமோ இருந்தால், இரண்டு வேலைக்கும் நடுவில் நீங்கள் எடுக்கும் ஒரு மாத பிரேக் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லாத ஒரு மாதம். தனியாகப் பாலிசி எடுப்பதென்றால் வேலையில் இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதுப் பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்

ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து வரி எழுதுங்கள்:
- மாதம் கைக்கு வருவது, இன்றும் நாளையும்
- வேரியபிள் பூஜ்யமானால் என்ன ஆகும்
- கிராஜுவிட்டிக்கு, போனஸுக்கு எத்தனை நாள் பாக்கி
- ஒரு வருடத்துக்குள் விலகினால் ஜாயினிங் போனஸையும் பைஅவுட் பணத்தையும் திருப்பித் தர வேண்டுமா
- வீட்டில் யாருடைய காப்பீடு அறுபடுகிறது

இந்த ஐந்தையும் எழுதிய பிறகும், "பரவாயில்லை, நான் இப்பவே போறேன்" என்று தோன்றலாம். மேனேஜர் தினமும் மரியாதை இல்லாமல் பேசுகிறார், ராத்திரி தூக்கம் வரவில்லை, கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை என்றால், அந்த இரண்டு மாதம் 59,000 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். அதுவும் நல்ல முடிவுதான். எவ்வளவு கொடுத்து வெளியே வருகிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவு அது.

"நாளைக்குள்ள சொல்லுங்க" என்பது பெரும்பாலும் எச்ஆரின் அவசரம். "பிரேக்அப் ஷீட் அனுப்புங்க, பார்த்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று கேட்பதில் தவறே இல்லை. அந்த ஷீட் வந்த பிறகு அம்மாவுக்குப் போன் போடுங்கள்.