கலர் கண்ணாடி போட்டால் கண் பரிசோதனையில் பாஸாகலாமா?



ரயில்வே, ராணுவம் போன்ற வேலைகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நிறப் பார்வையையும் சோதிக்கிறார்கள். "கலர் பிளைண்ட்" என்று சொல்லிவிட்டால் வீடே இடிந்து போகிறது. "அதுக்குன்னு ஸ்பெஷல் கண்ணாடி இருக்காமே, வாங்க குழுவில் கடன் தருவீங்களா?" என்று கூட்டங்களில் நம்மிடம் கேட்கிறார்கள். கடன் எழுதும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

இது என்ன குறைபாடு?

நிறத்தை உணர நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவற்றில் ஒரு வகை இல்லாவிட்டாலோ, மாறி அமைந்தாலோ, பெரும்பாலும் சிவப்பும் பச்சையும் குழம்பும். பிறவியிலேயே வரும் இது ஆண்களுக்கே அதிகம். தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருகிறது. தாய்க்கோ பெரும்பாலும் எல்லாக் கலரும் நன்றாகத் தெரியும். இதில் யார் மேலும் குற்றமில்லை. "அம்மா வழியில வந்த வினை" என்று யாராவது ஏசினால் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஜப்பான் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட அட்டைகளைத்தான் இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். முழுத் தொகுப்பில் 38 அட்டைகள். கலர் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் மறைந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில், சுமார் 75 செ.மீ. தூரத்தில் அட்டையைக் காட்டுவார்கள். மூன்று விநாடிக்குள் எண்ணைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி என்ன செய்கிறது?

அது ஒரு சல்லடை மாதிரி. சில நிற ஒளியை மட்டும் தடுத்து, மற்றதை விடுகிறது. சிவப்புக் கண்ணாடித் தாள் வழியே பாருங்கள்: சிவப்புப் புள்ளி வெளிறும், பச்சைப் புள்ளி கறுக்கும். இந்த வெளிச்ச வித்தியாசத்தால் அட்டையில் எண் தெரிந்துவிடலாம். ஆனால் கண்ணுக்கு நிறம் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு நிறங்கள் புதிதாகக் குழம்பவும் கூடும். இப்படி ஒரு கண்ணாடியை ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து, நிறங்கள் வேறு மாதிரி தெரிகின்றனவே தவிர இயல்பான நிறப் பார்வை வருவதில்லை என்று 2018-ல் தெரிவித்தார்கள்.

அதனால்தான் வேலைக்கான பரிசோதனையில் இந்தக் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார்கள். ரயில் ஓட்டுகிறவருக்குச் சிக்னல் தெரியாவிட்டால் எத்தனை உயிர் போகும்!

நாம் செய்ய வேண்டியவை

* பவர் கண்ணாடி போடும் பிள்ளை, அதைப் போட்டே சோதனை செய்துகொள்ளட்டும். நிறம் ஏற்றிய கண்ணாடி மட்டும் கூடாது.
* செல்போனில் பார்க்கும் சோதனையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும்.
* மகன் பள்ளியில் படிக்கும்போதே அரசு மருத்துவமனை கண் பிரிவில் காட்டுங்கள். எந்தப் படிப்பு, எந்த வேலை என்று முன்கூட்டியே திட்டமிடலாம்.
* லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களும் டிரைவிங் லைசென்ஸ் பெற 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. மருத்துவச் சான்று வாங்குங்கள்.

பிறவிக் குறைபாட்டை இந்தக் கண்ணாடி குணப்படுத்தாது. அதை நம்பிக் கடன் வாங்கினால் வேலையும் வராது, தவணை மட்டும் நிற்கும். அந்தப் பணம் பிள்ளைக்கு ஏற்ற வேறொரு பயிற்சிக்கு உதவட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.