விடுமுறைக்கு ஒரு துப்பறியும் கதை: எதைத் தேர்ந்தெடுப்பது?

காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாளில் மாணவர்களுக்கு ஆளுக்கொரு நூல் கொடுத்து அனுப்புவது என் வழக்கம். அதை அடுத்து ஐப்பசி மழையும் தீபாவளியும் வரும். வெளியே ஓடி விளையாட முடியாத நாட்கள் அவை. கையில் ஒரு நூல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன்.

ஓர் ஆண்டு ஏழாம் வகுப்புக்குக் கொடுக்க அலமாரியில் போதிய நூல்கள் இல்லை. வீட்டுப் பரணிலிருந்த பழைய துப்பறியும் நாவல்கள் பத்துப் பன்னிரண்டைத் தூசி தட்டி எடுத்துவந்தேன். நான் சிறுமியாக இருந்தபோது விரும்பிப் படித்தவை. மறுபடி புரட்டிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். வாசிப்பு என்றாலே நழுவும் மாணவர்கள்கூடப் போட்டி போட்டு வாங்கினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

விடுமுறை முடிந்து இரண்டாம் வாரம், சுற்றுலாவுக்காக வசூலித்திருந்த பணத்தில் 240 ரூபாய் குறைந்தது. வகுப்பில் சொன்னேன். மதிய இடைவேளைக்குள் ஐந்து பேர் கொண்ட 'துப்பறியும் குழு' அமைந்துவிட்டது. அரைமணி நேரத்தில் ஒரு மாணவனை என் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"இவன்தான் டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

"முழியைப் பாருங்க டீச்சர். திருட்டு முழி. கேட்டா தலையைக் குனியறான்."

அவர்களை அதட்டி அனுப்பினேன். ஆனால் அவனிடம் "நீ எடுக்கவில்லை" என்று நான் சொல்லவில்லை. மாலையில் வருகைப் பதிவேட்டை எடுத்தபோது, அதன் காக்கி அட்டையின் மடிப்புக்குள் பணம் இருந்தது. நான் வைத்து மறந்தது. மறுநாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்க அவன் வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுச் சூளைக்கே போனேன். பணம் கிடைத்த விவரத்தைச் சொன்னதும் அவன் கேட்டது ஒன்றுதான்: "பணம் கிடைக்கலைன்னா நான்தான்னு ஆகியிருக்குமா டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அந்த நாவல்களைத் திரும்பப் படித்தேன். ஒன்றில் கன்னத் தழும்புக்காரன், இன்னொன்றில் மாறுகண் வேலைக்காரன், மற்றொன்றில் ஊர் ஊராகச் சுற்றும் நாடோடி. முதல் அத்தியாயத்தில் முகத்தைப் பார்த்து எழும் சந்தேகம் கடைசி அத்தியாயத்தில் உண்மையாகிவிடுகிறது. என் மாணவர்கள் கதையை நன்றாகத்தான் படித்திருந்தார்கள். தேர்ந்தெடுத்ததில்தான் தவறு.

துப்பறியும் கதையே வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை. படிக்காத பிள்ளையையும் பக்கம் புரட்ட வைக்கும் கதை வகை அது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பின் நான் கைக்கொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

இதமான துப்பறியும் கதைகள்

ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்டரி' என்று ஒரு வகை உண்டு. சிறிய ஊர், ஒருவரை ஒருவர் அறிந்த மனிதர்கள், காவல் துறையைச் சேராத ஒரு துப்பறிவாளர். கொடூரத்தை விரித்துக் காட்டாமல் புதிரை மட்டும் முன்னே வைக்கும் கதை. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இதற்குப் பெயர்பெற்ற முன்னோடி. 1930இல் வெளிவந்த முதல் மார்ப்பிள் நாவலிலிருந்தே, அந்த மூதாட்டி தன் கிராமத்து மனிதர்களைக் கவனித்த அனுபவத்தைக் கொண்டே குற்றங்களை அவிழ்ப்பார்.

இங்கிலாந்தில் இலையுதிர் காலம் வந்து பகல் குறுகியதும் இத்தகைய நூல்களைக் கணப்பின் அருகே அமர்ந்து படிப்பது பலருக்குப் பிடித்தமான வழக்கம். வங்காளத்தில் துர்கா பூஜையை ஒட்டி இதழ்களின் சிறப்பு மலர்கள் வரும். சத்யஜித் ராயின் ஃபெலுடா நாவலான 'சோனார் கெல்லா' 1971இல் அப்படி ஒரு பூஜை மலரில்தான் வந்தது. நமக்குத் தீபாவளி மலர்கள் இருக்கின்றன. விழாவும் விடுமுறையும் வாசிப்பும் சேர்ந்து வருவது நமக்குப் புதிதல்ல.

தேர்வுக்கு நான்கு கேள்விகள்

ஒன்று: நான் முழுவதும் படித்துவிட்டேனா? தலைப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. எடுத்துக்காட்டாக, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தலைப்பால் மர்மக் கதைபோலத் தோன்றும். 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற அந்நூல், பாலியல் சீண்டலிலிருந்து குழந்தைகள் தங்களைக் காத்துக்கொள்வதைப் பேசுகிறது. மிக அவசியமான நூல். ஆனால் ஆசிரியர் முதலில் படித்து, பிள்ளைகளோடு பேசத் தயாரான பிறகு கொடுக்க வேண்டியது.

இரண்டு: சந்தேகம் யார்மீது, எதனால் விழுகிறது? நிறம், உடற்குறை, தொழில், பிறந்த ஊர் ஆகியவற்றைக் காட்டியே குற்றவாளியை அடையாளம் காட்டும் கதையை ஒதுக்கிவிடுகிறேன். புகழ்பெற்றவர்களின் எழுத்தும் இதற்கு விலக்கல்ல. அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட ஒரு நாவலின் முதல் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. பின்னர் தலைப்பு மாற்றப்பட்டது.

மூன்று: தடயங்கள் வாசகருக்கும் தெரிகின்றனவா? ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை எழுதினார். துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. இந்த நேர்மை உள்ள கதையில்தான் மாணவர் தானும் சேர்ந்து யோசிக்க முடியும். கடைசிப் பக்கத்தில் திடீரென ஒரு புது ஆள் வந்து குற்றவாளி ஆனால் யோசித்த பிள்ளை ஏமாந்து போகும்.

நான்கு: பழி சுமந்த நிரபராதி என்ன ஆகிறார்? குற்றவாளி பிடிபட்டதும் அவரை மறந்துவிடும் கதைகள் பல. அவர் பெயர் துடைக்கப்படுவதையும் காட்டும் கதை மேலானது. சூளையில் கேட்ட கேள்விக்குப் பிறகு எனக்கு இதுவே முதன்மையானது.

எந்த வயதுக்கு எது?

தொடக்க வகுப்புகளுக்கு வெளியே தேட வேண்டாம். வழியில் கண்ட தடங்களை வைத்தே, காணாமற்போன ஒட்டகத்துக்கு ஒரு கண் தெரியாது, ஒரு கால் நொண்டி என்று சொன்னவர்களின் கதை நம் நாட்டார் மரபில் உண்டு. பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்தது. மூன்று கால்களின் தடமே அழுத்தமாக இருந்தது. சொன்னவர்களையே திருடர்கள் என்று சந்தேகித்து அரசன் முன் நிறுத்துவதும், அவர்கள் காரணம் சொல்லி விடுபடுவதும் கதையின் உயிர். மரியாதை ராமன் கதைகளும் சான்று கேட்கும் கதைகளே.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எனக்குப் பிடித்தது, எரிக் கேஸ்ட்னர் 1929இல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்'. அம்மா கொடுத்தனுப்பிய பணத்தை ரயிலில் பறிகொடுத்த சிறுவன், பெர்லின் நகரச் சிறுவர்களோடு சேர்ந்து திருடனைப் பின்தொடர்கிறான். பணம் தன்னுடையது என்று எப்படி நிரூபிப்பது? நோட்டுகளைச் சட்டையின் உட்புறம் ஊசியால் குத்தி வைத்திருந்தான். அந்த ஊசித் துளைகளே சான்று. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "நீங்களாக இருந்தால் எப்படி நிரூபிப்பீர்கள்?" என்று கேட்டால் வகுப்பே பேசும். இதே வயதினருக்கு ஃபெலுடா கதைகளும் பொருந்தும், தமிழிலும் கிடைக்கின்றன. ஃபெலுடாவின் தம்பிமுறை உறவினனான தோப்ஷே என்ற பதின்வயதுச் சிறுவனே கதை சொல்வதால் பிள்ளைகள் எளிதில் ஒட்டிக்கொள்கிறார்கள். மரியாதையான தோற்றம் நேர்மைக்குச் சான்றாகாது என்பதைச் 'சோனார் கெல்லா' அழகாகக் காட்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஷெர்லக் ஹோம்ஸ். 1892இல் வெளிவந்த 'நீல மாணிக்கம்' பற்றிய சிறுகதையில் கொலை இல்லை. விடுதியில் மாணிக்கம் காணாமற்போகிறது. அறையில் பழுது பார்க்க வந்த ஹார்னர் என்ற தொழிலாளி கைதாகிறார். காரணம், முன்பு ஒருமுறை திருட்டுக்காகத் தண்டனை பெற்றவர். உண்மை வேறு. உயர்நிலை வகுப்பில் இதைச் சிலப்பதிகாரத்தோடு சேர்த்துப் பேசலாம். திருடிய பொற்கொல்லனே கோவலன்மீது பழி சுமத்துகிறான். விசாரணையின்றித் தண்டனை நிறைவேறுகிறது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல் என்ற சான்று பிறகுதான் அவைக்கு வருகிறது. கோவலன் உயிரோடிருக்கும்போதே ஒருவர் அந்தச் சிலம்பைத் திறந்து பார்த்திருந்தால்? இந்தக் கேள்விக்கு என் மாணவர்கள் ஒரு பாடவேளை முழுவதும் பேசினார்கள். மிஸ் மார்ப்பிளைப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கொலை வரும் கதைகள் என்பதால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

கதை பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' அவர்களுக்கு ஏற்றது. புலியின் கால்தடத்தைப் படிப்பதும் துப்பறிதல்தான். மண்ணுக்குள் கிடைத்ததை வைத்து மறைந்த வாழ்வை அறிவதும் அப்படியே. கீழடியைப் பின்னணியாகக் கொண்டு உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது.

வகுப்பை மட்டும் பார்க்காமல் வாசிப்புத் திறனையும் பார்க்க வேண்டும். வாசிப்பு இயக்க நூல்களின் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகள் இதற்கு உதவும். ஏழாம் வகுப்பில் 'நட' நிலையில் இருப்பவருக்குத் தடித்த நாவலைக் கொடுத்தால் புதிர் அவிழும் முன்பே நூல் மூடப்பட்டுவிடும்.

சந்தேக நோட்டு

நூலோடு நான்கு தாள் கொண்ட ஒரு சிறு நோட்டும் கொடுக்கிறேன். அதில் மூன்று கட்டங்கள்: யார்மீது சந்தேகம்? எதனால்? அது சான்றா, நம் எண்ணமா? கடைசி அத்தியாயத்தை ரப்பர் பேண்ட் போட்டு மூடிவிடுகிறேன். மூன்று கட்டங்களையும் நிரப்பிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். முன்பே கழற்றிவிடுபவர்கள் உண்டு; அதை நான் பெரிதுபடுத்துவதில்லை. முடித்தவர் மற்றவரிடம் விடையைச் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. விடுமுறைக்குப் பின் ஒரு பாடவேளையில் மூன்றாம் கட்டத்தை மட்டும் பேசுவோம். "பார்க்க அப்படி இருந்தான்" என்பது எந்தப் பக்கம் சேரும் என்று அவர்களே வாதிடுவார்கள்.

சூளை மாணவன் நான்காம் நாள் பள்ளிக்கு வந்தான். அந்தக் குழுவினர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். உடனே நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சில வாரங்கள் கழித்து அந்த வகுப்புக்கு ஹார்னரின் கதையை வாய்மொழியாகச் சொல்லி, பாதியில் நிறுத்தினேன். யார் எடுத்திருப்பார் என்றதும் பலர் ஹார்னர் பெயரைச் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து அவன், "அவர் இல்ல டீச்சர்" என்றான். ஏன் என்றேன். "எடுத்ததை யாரும் பார்க்கலையே. முன்னாடி செஞ்சார்னுதானே சொல்றாங்க." வகுப்பு சற்று நேரம் பேசவில்லை.

அடுத்த பருவத்தில் ஒரு மாணவியின் காம்பஸ் காணாமற்போனது. வகுப்புத் தலைவி நோட்டை எடுத்து மூன்று கட்டம் போட்டாள். இரண்டு பெயர்கள் எழுதினாள். மூன்றாம் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாததால் இரண்டையும் அடித்தாள். "யாருன்னு இப்ப சொல்ல முடியாது டீச்சர்" என்றாள்.

காம்பஸ் கடைசிவரை கிடைக்கவில்லை. யார்மீதும் பழியும் விழவில்லை.